ஆறு நிமிடம்: ஒரு மாத நாவலின் முடிவும் ஒரு வாசகியின் ஏமாற்றமும்

இது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் 2023 ஜூன் முதல் 2024 மார்ச் வரை நடந்தது. அந்த வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. எழுதியவர் யார், எந்த நாவல் என்று கண்டுபிடிக்க முடியாதபடி கதையின் ஊரையும் உறவுமுறைகளையும் மாற்றியிருக்கிறேன். பக்க எண்களை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்த விவகாரமே பக்கங்களைப் பற்றியது. சம்பந்தப்பட்ட வாசகி இதைப் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தி, வெளியிடச் சம்மதித்திருக்கிறார்.

பின்னணி

வாசகிக்கு அப்போது 61 வயது. 1983இல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவர். முதல் பத்து ஆண்டுகள், வெளியூர் அழைப்புகளை ஆபரேட்டரே இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் போர்டில் இருந்தார். வெளியூருக்கு நாமே டயல் செய்யும் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வந்து ட்ரங்க் புக்கிங் குறைந்ததும் பில் கவுண்டருக்கு மாற்றினார்கள். 2020 ஜனவரி 31 அன்று, நாடு முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறியபோது, அவரும் வெளியே வந்தார்.

இரவுப் பணிதான் அவரைத் துப்பறியும் கதைகளுக்குள் கொண்டுபோனது. நள்ளிரவுக்கு மேல் அழைப்புகள் குறைந்துவிடும், தூங்கவும் கூடாது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல் ஒன்று, ஒரு ஷிப்டுக்குச் சரியாக இருக்கும். அப்படிப் படிக்கத் தொடங்கியதில் ஓர் எழுத்தாளரைப் பிடித்துப்போய், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய நாவல் ஒன்றைக்கூட விட்டதில்லை. கையில் காசிருந்த மாதம் வாங்குவார், இல்லாத மாதம் நூலகத்தில் எடுப்பார். வாங்கியவற்றையும் படித்து முடித்ததும் நூலகத்துக்கே கொடுத்துவிடுவார். எங்கள் நூலகத்தின் துப்பறியும் அலமாரியில் பாதி அவர் கொடுத்தது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைசி இரண்டு அத்தியாயம் மிச்சமிருக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். குற்றவாளி யார், எப்படி, எந்தத் துப்பை வைத்துச் சொல்கிறேன் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுவார். மறுநாள்தான் மிச்சத்தைப் படிப்பார். படித்தபின் பக்கத்தில் ‘சரி’ அல்லது ‘தப்பு’. அந்த நோட்டுகளைப் பிறகு எனக்குக் காட்டினார். மூன்று நோட்டு, 142 பதிவுகள். எண்ணிப் பார்த்தேன்: 61 சரி, 80 தப்பு, கடைசிப் பதிவுக்கு நேரே மட்டும் அப்போது எதுவும் எழுதவில்லை. தப்பு என்று எழுதிய பல இடங்களில் பக்கத்திலேயே ‘அருமை’ என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் கணக்கை இங்கேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. ‘தான் நினைத்த ஆள் குற்றவாளி இல்லை என்றதும் அந்தம்மாவுக்குக் கோபம்’ என்று எங்களில் சிலர் சொன்னோம். நானும் சொன்னேன். அது உண்மையில்லை என்பதற்கு 80 சாட்சி அந்த நோட்டில் இருக்கிறது.

நாவல்

96 பக்கம், 16 அத்தியாயம். கதை 1982இல் ஒரு மலையூரில் நடக்கிறது. எஸ்டேட் ஒன்றின் ஓய்வுபெற்ற கணக்கர், பெரியவர், உயில் விஷயமாகச் சென்னையில் இருக்கும் அண்ணன் மகனிடம் பேச வேண்டும் என்கிறார். மருமகள் ட்ரங்க் கால் புக் செய்கிறாள். சாதாரணக் கால் இல்லை, பி.பி. கால், அதாவது இன்னாரோடுதான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவது. இரவு 10.12க்கு லைன் கிடைக்கிறது. 10.30க்குப் பெரியவர் கூடத்தில் பிணமாகக் கிடக்கிறார். ஆதாயம் அடையக்கூடியவன் அண்ணன் மகன்தான். ஆனால் கொலை நடந்த நேரத்தில் அவன் சென்னையில் போனை எடுத்துப் பேசியிருக்கிறான். அதுதான் அவனுடைய ஒரே பாதுகாப்பு.

27ஆம் பக்கத்தில் மருமகள் இன்ஸ்பெக்டரிடம், “ரெண்டு வார்த்தை பேசிட்டு, வச்சுட்டு உள்ளே போயிட்டேன் சார்” என்கிறாள். 41ஆம் பக்கத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்து ட்ரங்க் டிக்கெட், அதாவது ஆபரேட்டர் அழைப்பின் நேரத்தைக் குறித்து வைக்கும் சீட்டு, வருகிறது. தொடங்கிய நேரம் 10.12, முடிந்த நேரம் 10.18. இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைக்கிறார். அத்தியாயம் அந்த வரியோடு முடிகிறது.

சாதாரண வாசகர் ‘ஏதோ இருக்கிறது’ என்று மட்டும் நினைத்துப் பக்கத்தைத் திருப்புவார். எங்கள் வாசகி போர்டில் உட்கார்ந்தவர். அப்போதெல்லாம் ட்ரங்க் காலில் மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் லைனில் வந்து சொல்வார். தொடர வேண்டும் என்றால் யாராவது ‘எக்ஸ்டெண்ட்’ என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் லைன் துண்டிக்கப்படும். டிக்கெட்டில் ஆறு நிமிடம் என்றால் மூன்றாவது நிமிடத்தில் ஒரு குரல் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறது. இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டேன் என்பவள் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் யார்?

அவருடைய நோட்டில் 142ஆம் பதிவு இப்படி இருக்கிறது: ‘மருமகள். பொய் சொல்கிறாள். ஆறு நிமிஷமும் லைனில் இருந்தது அவள்தான். சென்னையில் எடுத்தது அண்ணன் மகன் இல்லை, வேறு ஆள். துப்பு: டிக்கெட், ப. 41.’

நாவலின் முடிவில் 90ஆம் பக்கத்தில், அதுவரை பேச்சுக்கே வராத ஓர் இரட்டைப் பிறவி வருகிறான். அண்ணன் மகனின் தம்பி, அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். சென்னையில் போனை எடுத்தவன் அவன், மலையேறி வந்து கொன்றவன் அண்ணன். 94ஆம் பக்கத்தில் விலங்கு, முற்றும். டிக்கெட் இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

முதலில் கண்டது

நூலகர்தான் முதலில் கவனித்தார். வாசகி அந்தப் புத்தகத்தை ஜூன் மூன்றாம் வாரம் திருப்பிக் கொடுத்தார். வழக்கமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டு எடுப்பவர், அன்று எதுவும் எடுக்காமல் போனார். அடுத்த மூன்று வாரம் வரவே இல்லை. திரும்பி வந்த புத்தகத்தை அலமாரியில் வைக்கும்போது உள்ளே ஒரு சீட்டு இருந்தது. பழைய டெலிபோன் பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி: ‘அந்த ஆறு நிமிஷம் என்ன ஆச்சு?’

நூலகர் அதை என்னிடம் காட்டினார். நான் சிரித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஜூலைக் கூட்டம்

மாதக் கூட்டத்தில் ‘நான் படித்தது’ என்று ஒரு பகுதி உண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம். ஜூலைக் கூட்டத்துக்கு வாசகி வந்திருந்தார். நாவலைப் பற்றிப் பேச எழுந்தார். கதையைச் சொல்லி, ட்ரங்க் கால் எப்படி வேலை செய்யும் என்று விளக்கி முடிக்கவே பத்து நிமிடம் ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர், “கதைதானேம்மா, இவ்வளவு ஏன் மனசுல போட்டுக்கறீங்க” என்றார். இன்னொருவர், மாத நாவலில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்றார். நான் நேரத்தைக் காரணம் காட்டி அடுத்தவரை அழைத்தேன்.

அவர் உட்கார்வதற்கு முன் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். “பி.பி. கால்ல குரலை யாரு சரிபார்க்கிறா? பேரைக் கேப்போம், ஆமான்னா கனெக்‌ஷன் குடுப்போம். பக்கத்து வீட்டுக்காரன் பேசியிருந்தாலும் எங்களுக்குத் தெரியாது. முகத்தையே காட்டாத ஒரு வேலைக்கு ரெட்டைப் பிறவி எதுக்குங்க?”

தேநீர் வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

அந்தக் கேள்வியின் கூர்மை அன்று எனக்கு எட்டவில்லை. முடிவு பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. எழுத்தாளர் எடுத்துக்கொண்ட தீர்வு அவர் போட்ட பூட்டுக்குச் சாவியே இல்லை என்றுதான் சொன்னார். இரட்டையர் தேவைப்படுவது முகத்தைக் கண்டு சாட்சி சொல்லும் இடத்தில். இங்கே சாட்சி ஒரு குரல் மட்டும், அதையும் யாரும் சரிபார்க்கவில்லை.

மறுவாசிப்பு: முதல் முடிவு

இதைச் சும்மா விடக்கூடாது என்றவர் நூலகர். அவர் சொன்ன காரணம் எளியது. வரி கட்டும் மக்களுக்காக நூலகம் நடத்துகிறோம், அவர்களில் நம் அலமாரியைப் பாதி நிரப்பியவர் ஒருவர் மூன்று வாரம் வரவில்லை என்றால் ஏன் என்று பார்ப்பதும் நூலக வேலைதான்.

வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லலாம் என்று நான் சொன்னேன். நூலகர் ஒத்துக்கொள்ளவில்லை. சமாதானம் சொல்லப் போனால் அவருக்கு ஏதோ மனக்குறை என்று நாமே முடிவு கட்டியதாக ஆகிவிடும். முதலில் அவர் சொல்வது சரியா என்று பார்ப்போம், புத்தகத்தைப் படிப்போம் என்றார். ஜூலைக் கூட்டத்தில் பேசிய யாரும், நான் உட்பட, அந்த நாவலைப் படித்திருக்கவில்லை.

வட்டத்தில் ஐந்து பேர் படிக்க ஒத்துக்கொண்டோம். அவர்களில் மூன்று பேருக்கு முடிவு கூட்டத்திலேயே தெரிந்துபோயிருந்தது. அதனால் அன்று வராத இரண்டு பேரின் பதில்களுக்குத்தான் மதிப்பு என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். நூலகர் 83ஆம் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு நூலால் கட்டிவிட்டார். 82வரை படித்துவிட்டு, வாசகி செய்வதைப் போல, யார், எப்படி, எந்தத் துப்பு என்று எழுதித் தர வேண்டும்.

முடிவு தெரியாத அந்த இரண்டு பேரில் ஒருவர் கல்லூரி விரிவுரையாளர், மற்றவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். இருவரும் ட்ரங்க் டிக்கெட்டைத்தான் முதல் துப்பாக எழுதியிருந்தார்கள். இருவருக்கும் ‘எக்ஸ்டெண்ட்’ விஷயம் தெரியாது. ஆனால் இரண்டு வார்த்தைக்கும் ஆறு நிமிடத்துக்கும் பொருந்தவில்லை என்பதைப் பிடித்துவிட்டார்கள். விரிவுரையாளர் மருமகளைச் சொன்னார், மருந்துக்கடைக்காரர் குடும்ப டாக்டரைச் சொன்னார். கடைசியில் நூலை அவிழ்த்துப் படித்ததும் மருந்துக்கடைக்காரர் கேட்டது, “டிக்கெட் எங்கே?”

அத்தோடு, பக்கங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தோம். 9ஆம் பக்கத்தில் கொலை. 10 முதல் 82 வரை விசாரணை. 83 முதல் 88 வரை மலைப்பாதையில் ஒரு கார் துரத்தல். 89 முதல் 94 வரை தீர்வு. அதிலும் இரட்டைப் பிறவி வரும் 90ஆம் பக்கத்திலிருந்து கணக்கிட்டால் ஐந்தே பக்கம். கடைசி இரண்டு பக்கம் விளம்பரம்.

ஆகஸ்ட் கூட்டத்தில் விரிவுரையாளர் கொஞ்சம் வரலாறு சொன்னார். துப்பறியும் கதைக்கும் வாசகருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு என்ற பேச்சு நூறு ஆண்டுப் பழையது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர், 1929இல் இதற்குப் பத்து விதிகள் எழுதினார். பத்தாவது விதி இரட்டையரைப் பற்றியது: வாசகரை முன்கூட்டித் தயார்செய்யாமல் இரட்டைச் சகோதரர்களைக் கொண்டுவரக் கூடாது. முதல் விதியும் இதே வகை: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தென்பட்டவனாக இருக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1926இல், அகதா கிறிஸ்டி ஒரு நாவலில் யாரும் சந்தேகப்பட முடியாத ஆளைக் குற்றவாளியாக்கி, ஏமாற்றிவிட்டார் என்று வசை வாங்கினார். ஆனால் அந்த நாவலைத் திரும்பப் படித்தால் துப்புகள் கண்முன்னே கிடக்கும். இன்றுவரை அதைக் கொண்டாடுகிறார்கள்.

தமிழில் ‘ஏமாற்றம்’ என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டாலும் ஏமாற்றம், ஒருவர் நம்மை ஏமாற்றினாலும் ஏமாற்றம். எங்கள் வாசகி 80 முறை சந்தோஷமாக ஏமாந்தவர். இந்த முறை தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தார், அதுவும் முப்பது ஆண்டுகள் நம்பிய ஒருவர். இதை நாங்கள் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது.

ஆகஸ்ட் கூட்டம் முடிந்ததும் நூலகரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். பக்கக் கணக்கையும் இரண்டு பதில் சீட்டுகளையும் கொண்டுபோனோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஒரு ‘பரவாயில்லைங்க’வோடு தாண்டிவிட்டு, சீட்டுகளைத்தான் வாங்கிப் படித்தார். மருந்துக்கடைக்காரரின் சீட்டைப் பார்த்ததும், “டாக்டரா? எப்படி?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாதத்தில் அவர் முகத்தில் ஆர்வத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

கடிதம்: இரண்டாவது முடிவு

எழுத்தாளருக்கு எழுதலாம் என்ற யோசனை விரிவுரையாளருடையது. வட்டத்தில் கருத்து ஒன்றுபடவில்லை. இத்தனை ஆண்டுகள் எழுதியவரிடம் கணக்குக் கேட்பதா என்றார் ஆசிரியர். வாசகியே தயங்கினார். “அவரு மனசு நோகக்கூடாதுங்க. ராத்திரி ராத்திரியா எனக்குத் துணைக்கு இருந்தவரு” என்றார்.

நாங்கள் எழுதிய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். நாக்ஸின் விதி, பக்கக் கணக்கு, வட்டத்தின் தீர்மானம் எல்லாம் இருந்தன. வாசகி அதைப் படித்துவிட்டு, சம்மன் மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு தானே ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதினார். அதில் முக்கால்வாசி, எந்தெந்த நாவலை எந்த இரவுப் பணியில் படித்தேன் என்பதுதான். எக்ஸ்சேஞ்சில் மழைத் தண்ணீர் புகுந்த இரவு படித்தது எது, மகள் பிறக்க லீவு போட்ட வாரம் படித்தது எது என்று வரிசையாக. கடைசி மடிப்பில் நான்கு வரி: ‘மூன்று நிமிடம் முடிந்ததும் ஆபரேட்டர் லைனில் வந்திருப்பார். அப்போது எக்ஸ்டெண்ட் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் மருமகள் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா, தப்பா?’

வட்டத்தின் பெயரில் அனுப்புவதில்லை, அவர் பெயரிலேயே போகட்டும் என்று முடிவு செய்தோம். வாசகருக்கும் எழுத்தாளருக்கும் நடுவே ஒரு சங்கம் நின்றால் பதிலும் சங்கத்துக்கு எழுதிய பதிலாகத்தான் வரும் என்று நினைத்தோம். செப்டம்பர் முதல் வாரம் பதிப்பக முகவரிக்கு அனுப்பினார்.

பதில்

அக்டோபர் கடைசியில் மூன்று பக்கம் கையெழுத்தில் பதில் வந்தது. அதை முழுதாக வெளியிட எங்களுக்கு அனுமதி இல்லை. சாரத்தைச் சொல்லலாம் என்று எழுத்தாளர் பின்னர் தெரிவித்தார்.

நாவல் 18 அத்தியாயமாகத் திட்டமிட்டது. அத்தியாயங்களைப் பகுதி பகுதியாக அனுப்புவது அவர் வழக்கம். 15ஆம் அத்தியாயம்வரை பக்கம் அமைத்து முடித்திருந்தபோது வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மாத நாவல் ஆறு ஃபாரம், அதாவது மடித்துச் சேர்க்கும் ஆறு அச்சுத்தாள், ஒரு ஃபாரத்துக்குப் 16 பக்கம், மொத்தம் 96. விலையும் தபால் செலவும் அதை வைத்துத்தான். ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும். மிச்சம் இருந்தது ஆறு பக்கம், ஒரே ராத்திரி. மூன்று அத்தியாயத்தை ஆறு பக்கத்தில் அடக்க முடியாது. இரட்டைப் பிறவியை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்லியிருந்தார். டிக்கெட்டை எடுத்துவிட நினைத்தபோது 41ஆம் பக்கம் அச்சுக்கே போய்விட்டிருந்தது.

பிறகு, எழுதாமல் போன முடிவு. மருமகள் பொய் சொல்லவில்லை. “வச்சுட்டு உள்ளே போயிட்டேன்” என்று அவள் சொன்னது உண்மை, ரிசீவரை வைத்த இடம் மேசை. மாமனாரிடம் லைன் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். பெரியவர் போனை எடுக்கக் கூடத்துக்கு வருகிறார். அங்கே காத்திருந்தவர் குடும்ப டாக்டர். சென்னையில் அண்ணன் மகன் காதில் போனை வைத்தபடி கொலை முழுவதையும் கேட்கிறான். மூன்று நிமிடம் முடிந்து ஆபரேட்டர் லைனில் வந்ததும் எக்ஸ்டெண்ட் என்று மெதுவாகச் சொன்னது அவன்தான். யார் குரல் என்று தெரியும்வரை கேட்க வேண்டும் அவனுக்கு. தெரிந்தபின் டாக்டரிடம் பணம் பறிக்கலாம். ஆறாவது நிமிடம் டாக்டர் ரிசீவரைப் பார்க்கிறார், எடுத்து வைக்கிறார்.

வாசகி இதை நூலகத்தில் எங்கள் முன்னால் சத்தமாகப் படித்தார். ‘வைத்த இடம் மேசை’ என்ற வரியில் நிறுத்தி, 27ஆம் பக்கத்தை எடுக்கச் சொன்னார். நூலகர் எடுத்துக் கொடுத்தார். அந்த வரியின் மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். ‘வச்சுட்டேன்’ என்றால் தமிழில் லைனைத் துண்டிப்பதும் ஆகும், கீழே வைப்பதும் ஆகும். நாங்கள் ஆறு பேர் படித்தோம், ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. முப்பத்தாறு ஆண்டு டெலிபோனோடு வாழ்ந்தவரும் பிடிக்கவில்லை.

“கூப்பிட்ட பக்கம்தான் எக்ஸ்டெண்ட் சொல்லணும். ஆனா எந்தப் பக்கத்துக் குரல்னு அவசரத்துல நாங்க பிரிச்சுப் பார்த்ததில்லை. அவரு சொல்றது நடக்கும்” என்றார். பையிலிருந்து நோட்டை எடுத்து, 142க்கு நேரே அதுவரை வெறுமையாக விட்டிருந்த இடத்தில் ‘தப்பு’ என்று எழுதினார். பக்கத்தில் ‘அருமை’ என்றும் எழுதித் தேதி போட்டார். அன்று இரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு நடந்தது

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத முடியாது. அந்த எழுத்தாளரின் நாவல் வந்த அன்றே வாங்குவதை வாசகி நிறுத்திவிட்டார். நூலகத்துக்கு வந்தபின் எடுத்துப் படிக்கிறார். நோட்டில் பதிவுகள் தொடர்கின்றன. நான் கேட்டபோது, கோபம் ஒன்றும் இல்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா இப்ப எண்பதாம் பக்கம் வந்தா, மிச்சம் எத்தனை பக்கம்னு கை தானா தடவிப் பார்க்குதுங்க” என்றார்.

எழுத்தாளர் அந்த நாவலைத் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தால் பழைய முடிவைச் சேர்ப்பதாக எழுதியிருந்தார். இந்த ஆய்வை முடிக்கும்வரை அது வரவில்லை. வாசகி அதைக் கேட்டு மறுபடி எழுதவும் இல்லை.

பதில் கடிதத்தின் பிரதியை நூலகப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஒட்டவில்லை. புதிதாகப் படிப்பவர் பின்னட்டையைத்தான் முதலில் புரட்டுவார், முடிவு தெரிந்துபோகும். எழுத்தாளர் வெளியிடாத ஒன்றை நாம் அவர் புத்தகத்தோடு சேர்ப்பதும் முறையில்லை. கடிதம் வாசகியிடமே இருக்கிறது. 2024 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் ஒரு பையன் அந்த நாவலைத் திருப்பிக் கொடுக்கும்போது, “சார், அந்த டிக்கெட்டு?” என்று நூலகரிடம் கேட்டிருக்கிறான். தேர்வு முடிந்ததும் அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என் மதிப்பீடு

எழுத்தாளரின் காரணத்தை நான் முழுதாக நம்புகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பக்கம் போதவில்லை என்பது பதிப்புத் தரப்புக்கு முழு விடுதலை தராது என்றும் நினைக்கிறேன். கடைசி இரண்டு பக்க விளம்பரத்தை எடுத்திருந்தால் எட்டுப் பக்கம் கிடைத்திருக்கும். இடம் இல்லாவிட்டால் முடிவு அடுத்த மாதம் என்று போட்டிருக்கலாம். வாராவாரம் ‘தொடரும்’ படித்து வளர்ந்த வாசகர்கள் ஒரு மாதம் காத்திருக்க மாட்டார்களா?

இதில் எனக்கு மனதில் தங்கியது வேறொன்று. எழுதப்படாத முடிவு உண்மையிலேயே நல்ல முடிவு. வாசகி எழுதி வைத்ததைவிட நல்ல முடிவு. அவர் மதிப்பு வைத்த ஆளிடம் அது இருந்தது. அவர் நம்பிக்கை பொய்யில்லை, அச்சில் வராமல் போனதுதான் குறை. கேட்காமலே இருந்திருந்தால் முப்பது ஆண்டு வாசிப்பின்மேல் ஒரு கறையோடு நின்றிருப்பார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றி மனம் வருந்திப் பேசினால், அதே புத்தகத்தை இன்னும் இரண்டு பேராவது படிக்கும்வரை அதைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை என்று வட்டத்தில் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஜூலையில் இது இருந்திருந்தால் அவர் தேநீருக்கு முன் எழுந்து போயிருக்க மாட்டார். ஐந்து நிமிடக் கணக்கையும் தளர்த்தியிருக்கிறோம். பேசுபவர் ஒரு தொழிலைத் தெரிந்து அதன் உள்ளிருந்து பேசும்போது அந்த விளக்கத்துக்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாசகியின் சீட்டை நூலகர் எனக்குக் காட்டியது சரியா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அவர் அதை வேண்டுமென்றே உள்ளே வைத்தாரா, மறந்து விட்டாரா என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை, சிரித்தார். இனி புத்தகத்துக்குள் கிடைக்கும் சீட்டுகளை ஓர் உறையில் போட்டு உரியவரிடமே கொடுப்பது என்று நூலகர் வைத்திருக்கிறார்.

கடைசி இரண்டு அத்தியாயத்தை நூலால் கட்டிக் கொடுக்கும் முறை நிலைத்துவிட்டது. மாதம் ஒரு துப்பறியும் நாவல், விருப்பமுள்ளவர்கள் சீட்டு எழுதி நூலகரின் மேசைமேல் உள்ள ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறார்கள். சீட்டுகளைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பை வாசகியிடம் கொடுத்திருக்கிறோம். பிப்ரவரியில் ஒன்பது சீட்டு வந்தன. எட்டு தப்பு.